எடை சரியாக இருந்த பெட்டி

ரயில் வராத ஸ்டேஷன் அமைதியாக இருக்கும் என்று நினைத்து வந்த துப்பறிவாளர், வாசலிலேயே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உள்ளே மூன்று இயந்திரங்கள் ஒரே சமயத்தில் தரையைக் குடைந்துகொண்டிருந்தன. முதலாம் பிளாட்பாரத்தின் கூரைத் தகடுகளை நான்கு பேர் உரித்து உரித்துக் கீழே போட்டார்கள்.

"என்ன மச்சான், ரயில் ஓடினப்பகூட இவ்வளவு சத்தம் இருந்திருக்காது போலிருக்கே?"

"ரயிலாவது கத்திட்டுப் போயிரும் மாமா. இது கத்திட்டு இங்கயே இருக்கும். ஒன்றரை வருஷம்."

வாசலில் கட்டியிருந்த பலகையும் அதையேதான் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னது. மறுசீரமைப்புப் பணிக்காக நிலையம் பதினெட்டு மாதங்கள் மூடப்படுகிறது, வண்டிகள் எல்லாம் நகரின் மறுகோடியில் உள்ள தற்காலிக நிலையத்திலிருந்து புறப்படும், சிரமத்துக்கு வருந்துகிறோம். பலகைக்குக் கீழே ஒருவர் பெட்டியும் கையுமாக நின்று அதை மூன்றாம் முறை படித்துக்கொண்டிருந்தார். வருந்துவது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மச்சான் என்பவன் துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. இதே ஸ்டேஷனில் பதினோரு வருஷம் முப்பத்தொன்றாம் நம்பர் போர்ட்டராக மூட்டை சுமந்தவன். கழுத்து கடைசிவரை கல்லாகத்தான் இருந்தது. இடுப்புதான் ஒருநாள் காலை வாரிவிட்டது. அன்று அக்காக்காரி புருஷனிடம் சொன்னாள்: "என் தம்பியை உங்க கூட வெச்சுக்கங்க." எத்தனையோ பேர் ஒளிந்திருந்த இடத்தைக் கண்டுபிடித்த துப்பறிவாளருக்கு, இதிலிருந்து தப்பிக்கும் வழியை மட்டும் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்த வழக்கும் மச்சான் இழுத்து வந்ததுதான். கட்டணம் கிடையாது என்றதும் துப்பறிவாளர் முடியாது என்றார். அக்கா மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே தம்பிக்காகப் பேசினாள். தட்டு மேஜைக்கு வந்து சேருவதற்குள் அவர் வழக்கை எடுத்துக்கொண்டுவிட்டார்.

பார்சல் ஆபீஸ் வாசலில் ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏழாம் நம்பர் அக்கா உட்கார்ந்திருந்தாள். நாற்பது போர்ட்டர்களில் ஒரே பெண்பிள்ளை. புருஷன் செத்ததும் அவன் நம்பரை வாங்கித் தலையில் சும்மாடு கட்டியவள், பத்தொன்பது வருஷமாயிற்று. சட்டையின் இடதுகையில் ஓர் உள்ளங்கை அளவுக்கு மட்டும் வெயில் படாத பழைய நிறம் பளிச்சென்று தெரிந்தது. நேற்றுவரை அங்கே ஏழு என்று பொறித்த பித்தளை வில்லை இருந்தது.

"அக்கா, நடந்ததை இவர்கிட்ட ஒருதடவை சொல்லிருங்க" என்றான் மச்சான்.

"எத்தனை தடவைடா சொல்றது? எடுத்தவன்கூட இத்தனை தடவை யோசிச்சிருக்க மாட்டான்." ஆனாலும் சொன்னாள். "முதல் பிளாட்பாரத்துல தொங்குச்சுல்ல, வெண்கல மணி? புது ஸ்டேஷன் கட்டி முடிச்சு வாசல்ல மாட்டப் போறாங்களாம். அதுவரைக்கும் அந்தத் தற்காலிக ஸ்டேஷன்ல வெக்கணும்னு, முந்தாநாள் கழட்டி மரப்பெட்டியில வெச்சாங்க. நான்தான் தலையில தூக்கிட்டு வந்து இந்த ஆபீஸ்ல எறக்கினேன். கிளார்க் எடை போட்டாரு. முப்பத்தெட்டு கிலோன்னு லேபிள் ஒட்டி ஆணி அடிச்சாச்சு. நேத்துக் காலையில நான்தான் தூக்கி வண்டியில வெச்சேன். பெட்டி கூடவே பின்னாடி உக்காந்து போனேன். அங்க மறுபடியும் எடை போட்டுக் கையெழுத்தும் வாங்கியாச்சு. பெரிய ஆபீசருங்க வந்து திறந்து பார்த்தா…"

"உள்ள உடைஞ்ச டைல்ஸு" என்று முடித்தான் மச்சான்.

"வண்டியில தனியா இருந்தது நான்தானாம். அந்த அரைமணி நேரத்துல ஆணியைப் பிடுங்கி, மணியை எடுத்து, டைல்ஸைக் கொட்டி, திரும்ப ஆணி அடிச்சுட்டேனாம்."

"மணியை எங்க வெச்சீங்களாம்?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"வழியில கூட்டாளி நின்னு வாங்கிக்கிட்டானாம். எனக்குக் கூட்டாளி! என் வீட்டுக்காரனுக்குத் தோள் குடுக்கவே மூணு பேருதான் வந்தானுங்க. நாலாவது ஆளா நானே நின்னேன்."

அவள் கடிகாரத்தைப் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பினாள். கடிகாரத்தையும் கழற்றிவிட்டிருந்தார்கள், சுவரில் வட்டமான அழுக்குத்தான் இருந்தது.

"அஞ்சு மணிக்கு லிஸ்ட்ல கையெழுத்துப் போடறாரு மாஸ்டர். எந்தெந்த நம்பரு அந்த ஸ்டேஷனுக்குப் போகுதுன்னு. லிஸ்ட்ல இல்லாத நம்பருக்கு அங்கயும் வேலை இல்ல, ஒன்றரை வருஷம் கழிச்சு இதைத் திறந்தாலும் வேலை இல்ல. ஏழு செத்துப்போச்சு, அவ்வளவுதான்."

"இப்ப மணி ரெண்டு" என்றார் துப்பறிவாளர், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து. "மூணு மணி நேரம் இருக்கு. போதும்."

"போன வழக்குலயும் இதேதான் சொன்னீங்க" என்றான் மச்சான். "அந்த ஆளு தானா வந்து ஒத்துக்கறதுக்கு மூணு மாசம் ஆச்சு."

---

பார்சல் ஆபீசுக்குள் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சுருட்டிய தார்ப்பாயின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலி அவருக்கு முன்பே புது இடத்துக்குப் போய்விட்டது. உட்கார்ந்த இடம் எதுவானாலும் தொப்பி சாயவில்லை. பக்கத்தில் பார்சல் கிளார்க் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். உடைப்புத் தூசி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை; நிமிஷத்துக்கு ஒரு தும்மல். சாட்சியாகத் திரும்பி வந்திருந்த மரப்பெட்டி மூலையில் திறந்து கிடந்தது.

துப்பறிவாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். அது பெட்டியில் இருப்பதைப் பார்ப்பதற்கு அல்ல, பெட்டியைப் பார்ப்பதை மற்றவர்கள் பார்ப்பதற்கு என்று மச்சானுக்குத் தெரியும்.

"நீல டைல்ஸ்" என்றார். "இந்த ஸ்டேஷன்ல நீல டைல்ஸ் எங்க இருந்தது?"

கிளார்க் தும்மினார்.

"என்னோட கழிப்பறையில" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர், கூரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு நாளைக்கு முன்னாடி உடைச்சுட்டாங்க. அதுலேருந்து நான் எதிர்க்க இருக்கற…"

"அது வழக்குக்கு வேண்டாம் சார்."

"சொல்லிடறேன். சிரமமா இருக்கு."

துப்பறிவாளர் நிமிர்ந்தார். "உடைச்ச டைல்ஸ் இந்த வளாகத்துல குவிஞ்சு கிடக்கு. வழியில நிக்கற கூட்டாளிக்கு உங்க கழிப்பறை டைல்ஸ் எப்படிக் கிடைக்கும்? ஆக, மாத்தினது இங்க. பெட்டி இந்த ஆபீஸ்ல இருந்த அந்த ஒரு ராத்திரியில. இந்த ஆபீஸ் சாவி யார்கிட்ட இருந்தது?"

கிளார்க் கையை உயர்த்தினார். விரலில் ஒரு பெரிய சாவி தொங்கியது.

"ஆக!" என்றார் துப்பறிவாளர். அவருடைய 'ஆக' பொதுவாக ஒரு மனிதனை இரண்டடி பின்னால் தள்ளும்.

"சாவி என்கிட்டதான் சார் இருந்துச்சு. பூட்டும் என்கிட்டதான் இருக்கு" என்று கிளார்க் பையிலிருந்து பூட்டையும் எடுத்துக் காட்டினார். "கதவைத்தான் முந்தாநாள் காலையிலயே கழட்டிட்டுப் போயிட்டாங்க."

துப்பறிவாளர் திரும்பிப் பார்த்தார். அவர் நுழைந்த வழியில் நிஜமாகவே கதவு இல்லை.

"கதவே இல்லாம சாவியை எதுக்குய்யா விரல்ல மாட்டிக்கிட்டுத் திரியற?"

"ஒப்படைக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரலை சார்."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். துப்பறிவாளர் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டுவிட்டு, தோற்றுப்போன முகத்தை மறைக்கப் தற்காலிக நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்த ரசீதை எடுத்துப் படித்தார். "மரப்பெட்டி ஒன்று. லேபிளில் கண்ட எடை முப்பத்தெட்டு. இங்கே எடை போட்டுப் பார்த்ததில் முப்பத்தெட்டு. எடை சரியாக உள்ளது."

மச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, கடைசி வரியை இன்னொருதரம் படிங்க."

"எடை சரியாக உள்ளது."

"சரியாவா?"

"சரியாத்தான்யா. ஏன்?"

மச்சான் கிளார்க்கைப் பார்த்தான். கிளார்க் தன் செருப்பைப் பார்த்தார். மூலையில் நின்ற பழைய இரும்புத் தராசை யாருமே பார்க்கவில்லை. ஆள் உயரம், தட்டுப்போல வட்ட முகம், அதில் ஒற்றை ஊசி.

"மாமா, கொஞ்சம் வெளிய வாங்க."

வெளியே வந்ததும் மச்சான் அவர் காதருகே சொன்னான். இயந்திரச் சத்தத்தில் அந்த ரகசியத்தைக் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"அந்தத் தராசு மூணு கிலோ கூட்டிக் காட்டும் மாமா! எட்டு வருஷமா! ஒரு மோட்டார் பெட்டி அது மேல விழுந்ததுலேருந்து!"

"ரிப்பேர் பண்ணலையா?"

"எழுதிப் போட்டாரு கிளார்க்கு. எடை அதிகமா காட்டுதுன்னு எந்தப் பயணியும் புகார் தரலைன்னு திரும்பி வந்துருச்சு. அப்பறம் வாயை மூடிக்கிட்டாரு. போர்ட்டருங்களுக்கு எல்லாம் தெரியும். எங்க கழுத்து ஒண்ணு சொல்லும், ஊசி ஒண்ணு சொல்லும். இங்கேருந்து போன பார்சல் எதுவா இருந்தாலும், போய்ச் சேர்ற இடத்துல மூணு கிலோ இளைச்சுத்தான் இருக்கும். அங்க இருக்கறவங்களே பழகிப்போய் கண்டுக்கறதில்ல."

துப்பறிவாளரின் முகம் மெல்ல மாறியது. அந்த முகத்தை மச்சானுக்குப் பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு முறைதான் வரும்.

"அப்போ லேபிள்ல முப்பத்தெட்டுன்னா, மணியோட பெட்டி நெஜத்துல முப்பத்தஞ்சு. அங்க நல்ல தராசுல முப்பத்தஞ்சுதான் காட்டியிருக்கணும்."

"ஆமா. முப்பத்தெட்டுன்னு சரியா இருந்திருக்கு. இந்த ஸ்டேஷன்ல எட்டு வருஷமா எடை சரியா இருந்ததே இல்ல மாமா. சரியா இருந்தா ஏதோ தப்பு நடந்திருக்கு."

"நீ தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"வீட்டுல அக்காகிட்ட சொல்ல மாட்டீங்களே?"

உள்ளே போய், சிதறிய டைல்ஸை எல்லாம் பெட்டிக்குள் வாரிப் போட்டார்கள். மச்சான் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்தான். துப்பறிவாளரும் கிளார்க்கும் பெட்டியைத் தூக்கி ஏற்றினார்கள். மச்சான் கண்ணை மூடினான். இரண்டு வருஷம் சும்மா இருந்த கழுத்து, பழைய சொந்தக்காரனைக் கண்டதுபோல உடனே பேசத் தொடங்கியது.

"முப்பத்தெட்டு" என்றான். "கால் கிலோ முன்னப் பின்ன."

"இடுப்பு?"

"அதைக் கேக்காதீங்க. எறக்குங்க சீக்கிரம்."

---

ஏழாம் நம்பர் அக்காவின் எதிரில் மச்சான் ஒரு கையை இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டு போய் நின்றான்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. முந்தாநாள் தூக்கினப்பவும் நேத்துத் தூக்கினப்பவும் பெட்டி ஒரே கனமா இருந்துச்சா?"

அவள் கூடையின் பிரம்பை நகத்தால் சுரண்டினாள்.

"கனத்துச்சு" என்றாள். "நேத்து. மூணு கிலோ இருக்கும்."

"அதை அப்பவே சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லையேம்மா!" என்றார் துப்பறிவாளர்.

அவள் தலை நிமிர்ந்தது. "யாருகிட்ட சொல்றது? அம்பத்தி ரெண்டு வயசு பொம்பளை, லிஸ்ட்டு போடற நேரத்துல வந்து, முந்தாநாள் தூக்கின பெட்டி இன்னிக்குக் கனக்குதுன்னு சொன்னா, பெட்டியையா சந்தேகப்படுவாங்க? என்னைத்தான் சந்தேகப்படுவாங்க. அக்காவுக்குக் கழுத்து போச்சுன்னு அப்பவே நம்பரை அடிச்சிருவாங்க. நானே அப்பிடித்தான் நெனச்சேன். வண்டியில உக்காந்துட்டு வழி பூரா, ஐயோ கழுத்து போயிருச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"உங்க கழுத்து போகலைக்கா. இந்த ஸ்டேஷன்லயே உருப்படியா இருக்கற தராசு அது ஒண்ணுதான்."

அவள் முந்தின நாள் காலையிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள். அதில் பாதி திட்டு.

துப்பறிவாளர் விரல் மடக்கினார். "மாத்தினவன் லேபிளைப் பார்த்து, நல்ல தராசு ஒண்ணுல சரியா முப்பத்தெட்டு கிலோ டைல்ஸ் போட்டு நிரப்பியிருக்கான். அவனுக்கு இந்தத் தராசோட பவிசு தெரியாது. போர்ட்டருங்க செய்யலை, கிளார்க் செய்யலை. லேபிளை நம்பற ஆளு யாரு?"

"ஸ்டேஷன் மாஸ்டர் நம்புவாரு. அவரு அச்சடிச்ச எதையும் நம்புவாரு" என்றான் மச்சான்.

"அவரு முப்பத்தெட்டு கிலோ டைல்ஸ் அள்ளுவாரா?"

"நாற்காலி போனப்போ தார்ப்பாயைச் சுருட்டக்கூட ஆளைக் கூப்பிட்டாரு."

அப்போது மஞ்சள் ஹெல்மெட் ஒன்று புழுதிக்குள்ளிருந்து வந்தது. ஹெல்மெட்டுக்குக் கீழே வேலையைக் குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் சூப்பர்வைசர். வந்து ஒரு மாதமாகிறது. "மூணரைக்கு இந்தச் சுவரை இடிக்கணும். ஆபீஸைக் காலி பண்ணுங்க. அந்தத் துருப்பிடிச்ச தராசும் பழைய இரும்புல போகுது. எங்ககிட்ட எலெக்ட்ரானிக் மெஷின் இருக்கு, இனிமே எல்லாம் அதுலதான்."

துப்பறிவாளரும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு இரண்டு பேருமே கஷ்டப்பட்டார்கள்.

---

மூன்று மணிக்கு வேலையாட்களுக்கு டீ. இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சை நிறுத்தின. அந்த அமைதிக்காகத்தான் துப்பறிவாளர் காத்திருந்தார். பார்சல் ஆபீசுக்குள் எல்லோரையும் கூப்பிட்டார்: ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க், சூப்பர்வைசர், ஏழாம் நம்பர் அக்கா.

"ஒரே ஒரு சோதனை. அக்கா, டைல்ஸ் பெட்டியை அந்தத் தராசுல வைங்க."

வைத்தாள். ஊசி நடுங்கி நடுங்கி, நாற்பத்தொன்றில் போய் நின்றது.

"நாப்பத்தொண்ணா?" ஸ்டேஷன் மாஸ்டர் தார்ப்பாயிலிருந்து எழுந்துவிட்டார். "ரசீதுல முப்பத்தெட்டுன்னு இருக்கே!"

கிளார்க் தும்மலை அடக்கப் போய்க் கண்ணீர் விட்டார்.

"சார்" என்றார் துப்பறிவாளர், கோர்ட்டில் நிற்பதுபோல. "இது அரசாங்கத் தராசு. எத்தனையோ வருஷமா நேர்மையா உழைச்ச தராசு. இது பொய் சொல்லாது. அப்போ பொய் சொன்னது எது? அந்த ஸ்டேஷன்ல புதுசா வெச்சிருக்கற எலெக்ட்ரானிக் மெஷின். இவர் கம்பெனி மெஷின்தானே சார் அதுவும்?"

"எங்க மெஷினா?" சூப்பர்வைசரின் ஹெல்மெட் சரிந்தது. "எங்க மெஷினையா சொல்றீங்க?"

"பளபளன்னு இருக்கும், சிவப்பு எழுத்துல கண்ணடிக்கும். எடை மட்டும் வராது" என்று மச்சான் ஒத்து ஊதினான். "எங்க பெரியப்பா மகனும் ஒண்ணு வாங்கினான். கோழியை வெச்சா ஆட்டு எடை காட்டும்."

"யோவ், அது ஒரு கிராம்கூடத் தப்பாது!"

"இந்தப் பெட்டியை வெச்சா நாப்பத்தொண்ணுக்கு பதிலா வேற எதையாவது காட்டும்னா, அது தப்புற மெஷின்தான்" என்றார் துப்பறிவாளர் வருத்தத்தோடு. "மாஸ்டர் சார், இப்படிப்பட்ட மெஷினை நம்பியா புது ஸ்டேஷன்…"

"காட்டும்யா! முப்பத்தெட்டுன்னுதான் காட்டும்! புள்ளி பூஜ்யம் பூஜ்யம்! நானே என் கண்ணால பார்த்து…"

நின்றார்.

வெளியே யாரோ டீ உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எப்போ பார்த்தீங்க?" துப்பறிவாளர் குரலைத் தாழ்த்தினார். "பெட்டி நேத்துக் காலையில வண்டி ஏறிடுச்சு, அங்க எடை போட்டப்போ நீங்க இங்க உடைப்புல நின்னீங்க. இன்னிக்கு மதியம் திரும்பி வந்ததுலேருந்து மாஸ்டர் அதுக்குப் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. உங்க மெஷின்ல அது எப்போ ஏறுச்சு?"

"அது… ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுக்குப் புள்ளி பூஜ்யம் பூஜ்யமா?" என்று கேட்டார் ஸ்டேஷன் மாஸ்டர். அன்று அவர் கேட்ட கேள்விகளில் அதுதான் உருப்படி.

சூப்பர்வைசர் ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டார். அதோடு தைரியமும் நிமிர்ந்தது. "சரி, நான்தான்னே வெச்சுக்கங்க. மணி எங்க? வெளிய போற ஒவ்வொரு லாரியையும் உங்க காவலர்தான் சோதிச்சு விடறாரு. காட்டுங்க பார்ப்போம்."

ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். "அதுவும் சரிதான். மணி கைக்கு வராம நான் எதையும் எழுத முடியாது." பட்டியல் அவர் கையில் இருந்தது. ஏழுக்கு எதிரே பென்சிலால் ஒரு சின்னக் கேள்விக்குறி. ஐந்து மணிக்கு அது பேனாக்கோடாகிவிடும்.

ஏழாம் நம்பர் அக்கா யாரையும் பார்க்காமல் சுவரில் சாய்ந்தாள்.

மச்சான் வாசலுக்குப் போய் நின்றான். சுற்றி எங்கே பார்த்தாலும் உடைசல்: செங்கல், கம்பி, தகடு, கழிப்பறை. ஒரு வெண்கல மணி இதில் எங்கே வேண்டுமானாலும் கிடக்கலாம். அந்த உடைசலுக்கு நடுவே, தகரம் போட்ட கொட்டகையில், ஒன்று மட்டும் புதிதாக இருந்தது.

"மாமா, இங்க எத்தனை நாளைக்கு உடைப்பு?"

"நாலு மாசம்னு பலகையில போட்டிருக்கு."

"உடைக்கற இடத்துல சிமெண்ட்டு எதுக்கு?"

கொட்டகையில் சிமெண்ட் மூட்டைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. மொத்தம் முப்பது. சூப்பர்வைசர் அவர்களைவிட முன்னால் ஓடி வந்து குறுக்கே நின்றார். "ஒரு மூட்டையைக் கிழிச்சாலும் கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது? எழுத்துல உத்தரவு இருக்கா?"

எழுத்து என்றதும் ஸ்டேஷன் மாஸ்டர் தயங்கினார்.

"எதுக்குக் கிழிக்கணும்?"

ஏழாம் நம்பர் அக்கா சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். முதல் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்து, முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, ஒரு கணம் நிறுத்தி, பின்னால் இறக்கினாள்.

"நாப்பத்தொம்பது."

"அதுல அம்பதுன்னு அச்சடிச்சிருக்கும்மா" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அச்சுல அம்பதுதான். எந்தச் சிமெண்ட்டு மூட்டை சார் அம்பது இருந்திருக்கு?" அடுத்தது. "நாப்பத்தொம்பது." அடுத்தது. "நாப்பத்தெட்டரை. இவன் ரொம்ப மோசம்."

மச்சானுக்குக் கை துறுதுறுத்தது. ஒரு மூட்டையைத் தொட்டான், இடுப்பு நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னது, கையை எடுத்துக்கொண்டான். டீ குடித்த வேலையாட்கள் கோப்பையோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். பத்து மூட்டை. பன்னிரண்டு. அவள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிமெண்ட் தூசியில் புருவம் நரைத்துவிட்டது. எவனும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டாள். கழுத்து போய்விட்டதா இல்லையா என்று ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தவள் அவள்.

"நாப்பத்தொம்பது… நாப்பத்தொம்பது…"

பதினேழாவது மூட்டை. தூக்கினாள். நிறுத்தினாள். இறக்காமல் அப்படியே நின்றாள்.

"இது அம்பது."

"சரியாத்தானே இருக்கு?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"அதான் சார்!" துப்பறிவாளரும் மச்சானும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "சரியா இருக்கு!"

அவள் கையை விட்டாள்.

ணங் என்றது.

பாதி சிமெண்ட்டுக்குள் புதைந்த தொண்டையிலிருந்து வந்த கம்மிய சத்தம். ஆனாலும் பிளாட்பாரத்தில் நின்ற இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தண்டவாளப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். வண்டி எதுவும் வரவில்லை.

சூப்பர்வைசர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நனைந்துபோன சிமெண்ட் என்று சொல்லி அடுத்த வாரம் வெளியே அனுப்புவதாக இருந்தாராம். வெண்கலத்துக்கு ஆள் காத்திருந்தானாம்.

"இருபது கிலோ சிமெண்ட்டு, முப்பது கிலோ மணி. அதையும் மெஷின்ல வெச்சுத்தானே போட்டீங்க?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"புள்ளி பூஜ்யம் பூஜ்யம்" என்றார் அவர், அழாத குறையாக. "எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியலை."

"தப்பே நடக்கலை. அதுதான் உங்க கஷ்டம்" என்றான் மச்சான். காவலர் வந்து அவரை அழைத்துக்கொண்டு போனார்.

---

நாலரை மணிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பென்சில் கேள்விக்குறியை ரப்பரால் அழித்தார். அழித்த இடத்தை ஊதினார். பட்டியலின் அடியில் கையெழுத்துப் போட்டார். பித்தளை வில்லை, நிறம் மங்காத தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. ஏழாம் நம்பர் அக்கா அதை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். மூன்றாம் தடவை யாரோ பார்ப்பதைக் கண்டு கையை எடுத்தாள்.

"நான் கதவைப் பார்த்த உடனேயே எனக்குப் பொறி தட்டிடுச்சு" என்று துப்பறிவாளர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லாத கதவைப் பார்த்த உடனே" என்றான் மச்சான், தரையில் மல்லாந்து படுத்தபடி. அவனால் எழ முடியவில்லை. வீட்டுக்குப் போய் அக்காவிடம் என்ன பொய் சொல்வது என்பது அவனுக்கு இப்போது தனி வழக்கு.

மணியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, வைக்கோல் திணித்து, ஆணி அடித்தார்கள். கடைசி வண்டி வெளியே நின்றது. கிளார்க், எத்தனை நடந்தாலும் முறை முறைதானே என்று, பெட்டியைப் பழைய தராசில் ஏற்றினார். ஊசி முப்பத்தெட்டில் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் புது லேபிளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"முப்பத்தஞ்சுன்னு எழுதுங்க சார்" என்றாள் ஏழாம் நம்பர் அக்கா.

"தராசு முப்பத்தெட்டு காட்டுதேம்மா."

"அங்க போனா முப்பத்தஞ்சு காட்டும். அப்பறம் மூணு கிலோ மணியை வழியில கடிச்சுத் தின்னுட்டேன்னு என்னைத்தான் பிடிப்பீங்க."

"இருந்தாலும், தராசு காட்டறதைத்தானே நான் எழுதணும்?"

அவள் குனிந்து பெட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுவிட்டு, அவர் எதிரில் நேராக நின்றாள்.

"நான் முப்பத்தஞ்சு காட்டறேன்" என்றாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஊசியைப் பார்த்தார். காலியான தட்டுக்கு மேலே அது மூன்றில் நின்றுகொண்டிருந்தது. பிறகு அவள் கழுத்தைப் பார்த்தார். அது ஆடவில்லை.

முப்பத்தைந்து என்று எழுதினார்.